மனச்சோர்வும் முந்திக்கொள்ளும் மூப்பும்: வாசகர் கேள்வி–பதில்

முதியோர் மனச்சோர்வு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில், நீடித்த மனச்சோர்வு நோய் எதிர்ப்புச் சக்தியையும் மூளையையும் வயதுக்கு முந்தியே மூப்படையச் செய்யக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டிருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று பலரும் எழுதியதால் ஊர் மட்டும் தருகிறோம்.

பதிலுக்கு முன் ஒரு சொல் விளக்கம். பலர் ‘மன அழுத்தம்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அழுத்தம் வேறு, சோர்வு வேறு. கடன் தவணை நெருங்கும்போது நெஞ்சு படபடப்பது அழுத்தம். தவணை கட்டியதும் இறங்கிவிடும். கட்டி முடித்த பிறகும் எதிலும் பிடிப்பில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், நாள் முழுக்க நீடிப்பது மனச்சோர்வு. நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

அப்பாவுக்கு 67 வயது. 2018 நவம்பரில் கஜா புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அதிலிருந்தே ஆள் சரியில்லை. இந்த இரண்டு வருஷமாகப் பேச்சே குறைந்துவிட்டது. மாசம் தவறாமல் சளி, காய்ச்சல். காலில் முள் கிழித்த சின்னக் காயம் ஒன்றரை மாசமாக ஆறவில்லை. சர்க்கரை இல்லை என்கிறார்கள். மனசு சரியில்லாததால் எதிர்ப்புச் சக்தி குறையுமா?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

குறையும். ஆனால் அதை முதல் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றவற்றையெல்லாம் பார்த்துத் தள்ளிவிட்டுக் கடைசியில் வர வேண்டிய காரணம் அது.

ஒன்றரை மாதம் ஆறாத கால் புண்ணுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனை வேண்டும். பாதத்தில் நாடித்துடிப்பு தட்டுப்படுகிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் கையால் பார்க்க வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா, சாப்பாட்டில் புரதம் போகிறதா என்பதும் கேள்வி. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மனச்சோர்வில் இருப்பவர் பசியில்லை என்று தட்டைத் தள்ளுவதும் காசநோயில் பசி போவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருவோம். மனம் நெருக்கடியில் இருக்கும்போது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு காட்டும் வீக்கமும் சூடும்தான் அழற்சி; அதை அடக்குவது கார்டிசாலின் வேலைகளில் ஒன்று. அது மாதக்கணக்கில் மிகுந்தே இருந்தால், எதிர்ப்பு செல்கள் அதன் பேச்சைக் கேட்பதை மெல்ல நிறுத்திவிடுகின்றன. அழற்சியைப் பாசனத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது பாய வேண்டும், வேலை முடிந்ததும் வடிய வேண்டும். வடிகால் தூர்ந்த வயலில் கணுக்கால் அளவுத் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிப்போகிறதே, நீடித்த மனச்சோர்வில் உடம்புக்குள் நடப்பதும் அதுதான். வெள்ளம் கிடையாது, வடியாமல் நிற்கிற தண்ணீர்.

வயதானாலே இந்த அழற்சி கொஞ்சம் கூடத்தான் செய்யும். இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000இல் இதற்கு ‘இன்ஃப்ளம்மேஜிங்’ என்று பெயர் வைத்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வயதில் சுருங்கிக் கொழுப்பாகிவிடுவதால் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் புது வரத்து குறைகிறது. பழைய டி செல்கள் பிரிந்து பிரிந்து களைத்துப்போய், சாகவும் சாகாமல் அழற்சிப் பொருட்களைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. ஐ.எல்-6, சி.ஆர்.பி என்று மூப்பில் கூடுகிற அதே பொருட்கள்தான் மனச்சோர்வு உள்ள பலரிடமும் வயதுக்கு முந்தியே கூடித் தெரிகின்றன. பலரிடம் என்றால் எல்லாரிடமும் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் சி.ஆர்.பி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது. உங்கள் அப்பா அந்த நாலில் ஒருவராகவும் இருக்கலாம், மற்ற மூவரில் ஒருவராகவும் இருக்கலாம்.

காயம் பற்றி நேரடியான சான்று ஒன்று உண்டு. 1995இல் அமெரிக்காவில், மறதிநோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் என்று எண்ணினார்கள். அந்தப் பாரம் இல்லாத, அதே வயதுப் பெண்களுக்கு 39 நாள் ஆனது. இவர்களுக்கு ஏறத்தாழ 49 நாள். அது மனச்சோர்வைக் காட்டிலும் நீடித்த அழுத்தத்தை அளந்த ஆய்வு, சின்ன ஆய்வும்கூட. என்றாலும் மனசுக்கும் தோலுக்கும் நடுவே சுவர் இல்லை என்பதை அது காட்டிவிட்டது.

எதிர்த்திசையிலும் இது ஓடும். ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அது அழற்சியைத் தூண்டும் மருந்து. மனசு நன்றாக இருந்தவர்களிலேயே கணிசமானவர்கள் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். ஆகவே புண்ணை ஆற்றுவதும் பல் ஈறு வீக்கத்தைப் பார்ப்பதும் மனசுக்கும் செய்கிற வைத்தியம்தான்.

அம்மாவுக்கு 72. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். இது மறதிநோயின் தொடக்கமா, மனச்சோர்வா? மனச்சோர்வால் மூளை சுருங்கிவிடும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

இரண்டையும் பிரிக்க, அவர் மறப்பதைக் காட்டிலும் மறந்ததை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். “நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?” என்று கேளுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் யோசிக்கவே முயலாமல், “தெரியலடி, என் மூளை போயிடுச்சு, விடு” என்பார். கொஞ்சம் அவகாசம் கொடுத்து, “டிபனா, சாதமா?” என்று எடுத்துக்கொடுத்தால், “இட்லிதான்” என்று சரியாக வந்துவிடும். மறதிநோயில் பலர், இட்லி சாப்பிட்டுவிட்டு, “ரசம் சாதம்” என்று தடையில்லாமல் சொல்வார்கள், எடுத்துக்கொடுத்தாலும் வராது, மறதியே இல்லை என்று சாதிப்பார்கள். மனச்சோர்வு மறதியில் தொடங்கிய மாதத்தைக் குடும்பத்தார் ஓரளவு சொல்லிவிடுவார்கள், மறதிநோயில் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. இவை வழிகாட்டும் அறிகுறிகள்தான், தீர்ப்பு இல்லை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். அறுபதுக்கு மேல் வாழ்க்கையிலேயே முதல் முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதிநோயின் முன்னறிவிப்பாகவும் இருப்பதுண்டு. அதனால் மனச்சோர்வு தெளிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஞாபகசக்திப் பரிசோதனை நல்லது.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: தைராய்டுக்கு டி.எஸ்.எச், வைட்டமின் பி12, ரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் பி12 குறைவது சாதாரணம். பி12 குறைந்தால் மறதியும் வரும், மனமும் வாடும், காலும் எரியும். ஊசியில் சரியாகக்கூடிய ஒன்றை, ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. காதையும் பாருங்கள். காது மந்தமானவர் பேச்சிலிருந்து ஒதுங்குவது மனச்சோர்வு போலவும் மறதி போலவும் தெரியும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூக்கொழுகலுக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரைகள்கூட முதியவர்களின் ஞாபகத்தை மழுக்கும்.

மூளை சுருங்குமா என்ற பயத்துக்கு: ஹிப்போகாம்பஸ் என்பது புது நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது கொஞ்சம் சிறியதாக இருப்பதைப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டின. சராசரி வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டியது. அதுவும் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம்தான். முதல் முறை வந்தவர்களிடம் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேனை வைத்து மூளையின் வயதைக் கணித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களின் மூளை சராசரியாக ஓராண்டு அளவுக்குத்தான் முந்தியிருந்தது. பத்து, இருபது ஆண்டு என்று பரவுகிற செய்திகளை நம்ப வேண்டாம். மூளையிலும் மைக்ரோகிளியா என்று எதிர்ப்பு செல்கள் உண்டு. அழற்சி நீடித்தால் அவை நரம்பிணைப்புகளை அளவுக்கு மீறி வெட்டுவதாகவும், மனநிலையோடு தொடர்புள்ள சிரடோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் செய்ய வேண்டிய டிரிப்டோஃபான் என்ற புரதக்கூறு வேறு வழியில் திருப்பப்படுவதாகவும் கருதுகிறார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆய்வாளர் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 மறதிநோய்க் காரணிகளில் மனச்சோர்வும் ஒன்று, காது கேளாமையும் ஒன்று. ‘மாற்றக்கூடிய’ என்ற சொல்லைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாமனாருக்கு செர்ட்ராலின் கொடுத்தார்கள். பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை, வயிறுதான் கலக்கியது. பழகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டோம். செய்தது சரியா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

அவசரப்பட்டுவிட்டீர்கள். ஆனால் பத்து நாளில் நிறுத்தியவர்களுக்குப் பெரிய சேதம் வருவதில்லை. எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே திரும்பப் போய், நிறுத்தியதைச் சொல்லுங்கள்.

செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளின் கால அட்டவணை நாற்று நட்ட கதைதான். நட்ட பத்தாம் நாள் கதிரைத் தேடக் கூடாது. முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, லேசான பரபரப்பு வரலாம். சாப்பிட்ட பிறகு எடுத்தால் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். தூக்கமும் பசியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பத் தொடங்கும். மனசு தெளிய ஆறு முதல் எட்டு வாரம். முதியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். செர்ட்ராலினை 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50க்கு உயர்த்துவது வழக்கம். அதே வகையைச் சேர்ந்த எஸ்சிடலோபிராம் என்றால் 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள்; முதியவர்களுக்கு 10க்கு மேல் பொதுவாகப் போக மாட்டார்கள், இதயத் துடிப்பின் லயம் கெடக்கூடும் என்பதால்.

முதியவர்களிடம் நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஆபத்து பழக்கமாவது இல்லை, சோடியம் இறங்குவது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது முதல் மாதத்துக்குள் சரியக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சேர்ந்து ஓடினால் ஆபத்து கூடும். தள்ளாட்டம், தலைவலி, வாந்தி, திடீர்க் குழப்பம் வந்தால், ‘வயசு’ என்று விடாமல் அன்றைக்கே சோடியம் பாருங்கள். தொடங்கும் முன் ஒருமுறை, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டாவது, ரத்தக் கசிவு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ, இதயத்துக்கு ஆஸ்பிரினோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; மலம் தார்போலக் கறுத்தால் உடனே மருத்துவமனை.

பழகிவிடும் என்ற பயம் வேறு மாத்திரையின் மேல் போக வேண்டியது. தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம், குளோனசிபாம் மாதக்கணக்கில் விழுங்குகிறார்களே, அவைதான் பழகும். இரவில் விழ வைக்கும், ஞாபகத்தையும் மங்கச் செய்யும். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான்.

மனசு முழுக்கத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம், முதியவர்கள் என்றால் பெரும்பாலும் ஒரு வருஷம் தொடர வேண்டும். இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. நிறுத்தும்போதும் மருத்துவர் சொற்படி வாரக்கணக்கில் குறைத்து நிறுத்த வேண்டும்.

டெலோமியர் அளந்து உடம்பின் உண்மை வயதைச் சொல்வதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். மனச்சோர்வால் எனக்கு எத்தனை வயது கூடியது என்று தெரிந்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

வேண்டாம். டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனிக் காப்பு. செல் பிரியப் பிரியத் தேயும். அதைக் காக்கும் முறையைக் கண்டறிந்ததற்கு எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரெய்டர், ஜேக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது சராசரியாகச் சற்றுக் குட்டை என்பதும் உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தெரியும் அந்தச் சின்ன வித்தியாசம் தனியொருவரின் வயதைச் சொல்லாது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் அவ்வளவு. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சையில் ஒன்றும் மாறாது. அந்தப் பணத்தில் பி12, தைராய்டு, எச்.பி.ஏ.1.சி பார்த்துவிடுங்கள்.

மாத்திரையோடு வேறு என்ன செய்யலாம்? நடக்கச் சொன்னால் இவர் திண்ணையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

நடையின் பலனுக்கு நல்ல சான்று இருக்கிறது. 2011இல் வெளியான ஆய்வில் 120 முதியவர்களை எடுத்து, ஒரு பாதிப் பேரை வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஓராண்டில் அவர்கள் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் குறைந்திருந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் இல்லை, ஆனாலும் அறுபதைத் தாண்டிய மூளை இன்னும் வளரும் என்பது சின்ன விஷயமா?

“மனசு வந்தா நடக்கறேன்” என்பார். இந்த நோயில் அது தலைகீழ். நடந்த பிறகுதான் மனசு வரும். அதனால் 40 நிமிடத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். முதல் வாரம் தெருமுனை வரை போய்த் திரும்புவது, பத்து நிமிடம், காலை ஏழுக்கு முன். நேரம் மாறக் கூடாது; தனியாக அனுப்பாமல் ஒருவர் கூடப் போக வேண்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் வாரம் 150 நிமிடம் வரை கொண்டுபோகலாம். மழைக்காலத்தில் வரப்பும் வாய்க்கால் கரையும் வழுக்கும், கோயில் பிராகாரம் நல்லது. எழும்போது தலை சுற்றினாலோ நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ முதலில் மருத்துவர்.

நடையோடு ஒரு பொறுப்பையும் கையில் கொடுங்கள். பால் வாங்குவதோ, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதோ, அவர் போகாவிட்டால் நின்றுபோகிற வேலையாக இருக்கட்டும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். காபி மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். நம் பக்கத்து டிகிரி காபியின் கெட்டி இரவு வரை நிற்கும். உங்கள் கடற்கரையில் மத்தி மலிவாகக் கிடைக்குமே, வாரம் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள். மீன் எண்ணெய் மாத்திரைக்குச் செலவழிக்கத் தேவையில்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதும் சாராயமும் இந்த நோயில் நேரடி எதிரிகள்.

மனச்சோர்வு உள்ளவருக்குத் தடுப்பூசி வேலை செய்யுமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

வேலை செய்யும், போடுங்கள். அக்கித் தடுப்பூசியின் பழைய வகையை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வில், அறுபதைத் தாண்டிய, மாத்திரை எடுக்காத மனச்சோர்வு நோயாளிகளிடம் அதன் விளைவு குறைந்திருந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தவர்களிடம் மனச்சோர்வு இல்லாதவர்களைப் போலவே இருந்தது. ஆகவே ஊசியைத் தள்ளிப்போடுவதற்குப் பதில் சிகிச்சையைத் தொடங்குங்கள். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். நிமோனியா, அக்கி ஊசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பா, “இருந்து என்ன ஆகப்போவுது” என்று அடிக்கடி சொல்கிறார். மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனால் ஊர் பேசும் என்று அண்ணன் தடுக்கிறார்.
– ஒரு வாசகி, ஒரத்தநாடு

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, செத்துப்போயிடணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி இறக்கி வைத்த மாதிரி. ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் அழுதாலோ தனியே விடாதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனை. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் வீட்டையும் மோட்டார் கொட்டகையையும் விட்டு வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். மாத்திரைகளை நாளுக்கு நாள் நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104இலும் பேசலாம். தஞ்சை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் சொல்லலாம். மருத்துவமனையில் பெரும்பாலும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளைக் கேட்பார்கள். கேள்விக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் என்றால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் குறைவாக இருந்தாலும் அதில் ஒரு மதிப்பெண் வந்தாலே தனியாக விசாரிப்பார்கள். ஊர் பேசும் என்கிற அண்ணனையும் கூடவே அழைத்துப் போங்கள். வெளிநோயாளிப் பிரிவு வரிசையில் நின்றால், தெரிந்த முகம் நாலைப் பார்ப்பார்.

அத்தையை மூன்று வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது எனக்கே எதிலும் பிடிப்பில்லை. இதை எழுதலாமா என்றே தெரியவில்லை.
– ஒரு வாசகி, வலங்கைமான்

எழுதியது நல்லது. மேலே சொன்ன காயம் ஆறும் ஆய்வில் காயம் ஆறத் தாமதமானது உங்களைப் போன்ற பெண்களுக்குத்தான், அவர்கள் பார்த்துக்கொண்ட நோயாளிகளுக்கு இல்லை. அத்தையை அடுத்த முறை அழைத்துப் போகும்போது உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள். வாரத்தில் ஒரு முழு மதியம், ஒரு முழு இரவு நாத்தனாரோ கணவரோ பொறுப்பெடுக்க வேண்டும். “முடிஞ்சா பாருங்க” என்று சொல்லாமல் கிழமையைக் குறித்துக் கொடுங்கள். அந்த இரவு வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணி நேரம் தூங்குங்கள்.